ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிராம்

வார்டில் எல்லோரும் அவளைக் கிராம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லீரல் வார்டின் கோடியில், துணி அறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு சின்னச் சமையலறை. இரண்டு தராசு, ஒரு அடுப்பு, ஒரு ஃபிரிட்ஜ். பத்தொன்பது வருஷமாக அதுதான் அவள் இடம். எந்த நோயாளிக்கு எத்தனை கிராம் புரதம் என்று டாக்டர் எழுதிக்கொடுக்கிறாரோ, அதை நிறுத்துத் தட்டில் வைப்பாள். தட்டு திரும்பி வந்ததும் மிச்சத்தையும் நிறுப்பாள். ஒரு நோயாளி பிடிக்காத மீனைக் கைக்குட்டையில் சுற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்ததைக்கூட, தட்டில் முள்ளின் எடை குறைகிறதே என்று கண்டுபிடித்தவள். "கிராம் அக்காகிட்ட பொய் சொல்ல முடியாது, தராசு கோள் சொல்லிடும்" என்று நர்ஸுகள் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் வார்டுக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். நாம் சாப்பிடும் புரதம் உடம்பில் உடையும்போது அம்மோனியா என்கிற நஞ்சு மிஞ்சும். அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீர் வழியாக வெளியே தள்ள வேண்டியது கல்லீரலின் வேலை. வழக்கமான ரத்தச் சோதனை கல்லீரல் காயப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். வேலையை எவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்கிறது என்று சொல்லாது. அதனால், அளந்த புரதத்தைக் குடிக்கக் கொடுத்து, ஆறு மணி நேரம் அரை மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்து, சிறுநீரையும் ஜாடியில் பிடித்துவைத்து, உள்ளே போனது எவ்வளவு நேரத்தில் யூரியாவாகிறது என்று பார்ப்பார்கள். நோயாளிகள் முப்பது பேர். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்கள் முப்பது பேர். பானத்தைக் கலந்து கொடுப்பது கிராம் அக்காவின் பொறுப்பு.

நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. நல்ல உடம்புக்காரர்கள்தான் கிடைக்கவில்லை. வருகிறேன் என்றவர்கள் ஊசி என்றதும் போனை எடுப்பதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மறுநாள் வர வேண்டிய ஆள் கைவிரித்துவிட, டாக்டரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் தம்பி இருக்கான் மேடம். கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு. கூட்டிட்டு வரட்டுமா?" என்று இவளே வாயைக் கொடுத்தாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்திரண்டு. அவனும் அவன் மனைவியும் ஒரு அடுக்குக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தார்கள். அக்கா அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தனியாக. புருஷன் போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. தம்பி மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற வேலை பார்த்தாள். குழந்தை இல்லை. கம்பெனியில் போன மாதம் எடுத்த ரத்தச் சோதனைச் சீட்டு தம்பியிடம் இருந்தது. எல்லாம் சரி என்று போட்டிருந்தது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து கட்டிலில் படுத்தான். அக்கா கொண்டுவந்த தம்ளரை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா இது, சுவருக்கு அடிக்கிற வெள்ளை மாதிரி இருக்கு?"

"பால் புரதம்டா. ஒரே மூச்சுல குடி. தம்ளரைக் கழுவித் தர்ற தண்ணியையும் குடிக்கணும்."

"தம்ளரையும் தின்னணுமா?"

நர்ஸ் சிரித்தாள். அரை மணிக்கொரு தடவை ரத்தம் கொடுத்துக்கொண்டே, வார்டு லிஃப்டின் கதவு மூடும்போது ஏன் முனகுகிறது என்று அவளுக்கு விளக்கம் சொன்னான். ஒரு மணிக்கு எழுந்து வேலைக்குப் போய்விட்டான். போகிற போக்கில் அந்த லிஃப்டையும் சரிசெய்துவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். மேஜையில் ரத்தத்தில் அம்மோனியாவின் அளவைக் காட்டும் இரண்டு கோட்டுப் படங்கள். ஒன்றில் கோடு குன்று மாதிரி ஏறி மூன்று மணி நேரத்தில் இறங்கியிருந்தது. மற்றது தம்பியுடையது. அதில் ஏறிய கோடு ஆறு மணி நேரம் ஆகியும் இறங்கவே இல்லை.

"உங்க தம்பி குடிப்பாரா?"

"இல்ல மேடம். ஒரு சொட்டுகூட."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுக்குத் தெரியாமக்கூட…"

"அவன் குடிச்சா எனக்கு வாசனை தெரியாதா மேடம்? பத்தொன்பது வருஷமா இங்கதானே இருக்கேன்."

டாக்டரம்மா இறங்காத அந்தக் கோட்டை விரலால் தடவினார். "அப்போ வேற காரணம். நாளைக்கே ஸ்கேன் எடுக்கணும்."

ஸ்கேனும் அதன் பிறகு எடுத்த சதைத் துணுக்கும் ஒன்றையே சொல்லின. கல்லீரல் முக்கால்வாசி தழும்பாகிவிட்டிருந்தது. குடியால் அல்ல, கிருமியால் அல்ல. சில பேருக்குக் காரணமே தெரியாமல் வரும் என்றார் டாக்டரம்மா. சத்தமில்லாமல் பல வருஷமாக நடந்திருக்கிறது.

தம்பி கேட்டுவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "குடிச்சிருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்" என்றான். அவன் மனைவி அவன் தோளில் ஒரு அடி அடித்துவிட்டு, பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா நம்பிக்கையைக் கைவிடவில்லை. மாற்றுக் கல்லீரலுக்கு வரிசையில் பெயர் போட்டார். கல்லீரலில் ஒரு பங்கைக் கொடுக்கலாமென்றால், மனைவியின் ரத்த வகை சேரவில்லை. அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. எவரோ இறந்து, அவர் வீட்டார் மனசு வைத்தால்தான் உண்டு. எட்டு மாதம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம். மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"அதுவரைக்கும் உடம்பு இளைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு எண்பது கிராம் புரதம் உள்ள போகணும். ஒரே வேளையில அள்ளிப் போடாம ஆறு வேளையாப் பிரிச்சுக் குடுங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடியும் ஏதாவது சாப்பிடணும். தசை இருக்கிற உடம்புதான் ஆபரேஷனைத் தாங்கும். நம்ம கையில இருக்கிறது இது ஒண்ணுதான்."

தம்பி மனைவி அதையெல்லாம் கடையின் பில் புத்தகத்துக்குப் பின்னால் எழுதிக்கொண்டாள். அக்கா எழுதிக்கொள்ளவில்லை. அவளுக்குப் புரதத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. ஒரு வெயில் கால மத்தியானம், தம்பியோடு வேலை பார்க்கிறவர் அக்காவுக்குப் போன் செய்தார். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், இயந்திர அறையில் இருந்து பேசினார். "கொஞ்சம் வாங்கம்மா. இவர் ஒரு மாதிரி இருக்காரு."

அவள் ஓடினாள். தம்பி இயந்திரப் பெட்டியின் மூடியைக் கழற்றி, அத்தனை திருகாணிகளையும் தரையில் ஒரே வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். கையில் திருப்புளி. அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அக்காவைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்: "அக்கா, நான் இப்போ ஏறணுமா, இறங்கணுமா?"

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்லீரல் கழிக்காத நஞ்சு மூளைக்கு ஏறினால் இப்படித்தான் ஆகும். ஒன்று முதல் இருபத்தைந்து வரை எண்கள் சிதறிக் கிடக்கும் தாளைக் கொடுத்து, பென்சிலால் வரிசையாக இணைக்கச் சொன்னார் டாக்டரம்மா. ஒரு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டியது. தம்பி ஏழு வரை வந்தான். எட்டு பக்கத்திலேயே இருந்தது. பென்சில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவன் கண்ணுக்கு அது படவேயில்லை.

மூன்று நாளாக மலம் கழியாததும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்ததும்தான் காரணம் என்றார் டாக்டரம்மா. குடலில் இருக்கும் நஞ்சைக் கழுவி வெளியேற்ற ஒரு இனிப்பு மருந்து எழுதிக் கொடுத்தார். ஆனால் அக்கா வேறொன்றை விசாரித்து வைத்திருந்தாள். முந்தின நாள் கம்பெனியில் விருந்து. தம்பி இரண்டு தட்டு இறைச்சி சாப்பிட்டிருக்கிறான்.

"இறைச்சி சாப்பிட்டானே மேடம், அதுனாலதானே?"

"இல்லம்மா. அதை நிறுத்திடாதீங்க."

அக்கா தலையை ஆட்டினாள். ஆனால் அந்தத் தலையாட்டல் பேச்சுக்குத்தான். இந்த டாக்டரம்மா வருவதற்கு முன்னால் அங்கே ஒரு பெரியவர் இருந்தார். மூளைக்கு நஞ்சு ஏறிய நோயாளிகளுக்கு அவர் சீட்டில் எழுதுவது ஒரே வரி: நாளைக்கு இருபது கிராம். பன்னிரண்டு வருஷம் அந்த இருபது கிராமைத் தன் கையால் நிறுத்துக் கொடுத்தவள் அவள். மயங்கிக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். "அதெல்லாம் பழைய கதைம்மா, இப்போ அப்படிச் செய்யறதில்ல" என்று டாக்டரம்மா வந்த புதிதில் சொன்னபோது, சம்பளக்காரி எதற்கு வாதாட வேண்டும் என்று விட்டுவிட்டாள். இப்போது தன் தம்பியின் உயிர். புரதம் உள்ளே போனதும் கோடு ஏறியதையும், ஏறியது இறங்காததையும் அவளே பார்த்துவிட்டாள். எரிகிற அடுப்பில் போய் இன்னும் விறகைத் திணிக்கச் சொன்னால் யார் கேட்பது?

டாக்டரம்மா சில மாதப் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பிப் போனார். தம்பி வீடு திரும்பிய அன்றைக்கே அக்கா மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தராசோடு இறங்கி வந்தாள்.

"இனிமே இவன் சாப்பாடு என் பொறுப்பு. நீ கடைக்குப் போ, வா. அடுப்புப் பக்கம் வராதே" என்றாள் தம்பி மனைவியிடம்.

"டாக்டர் எண்பது கிராம்னு சொன்னாங்களே அண்ணி."

"டாக்டர் ஆயிரம் பேருக்குச் சொல்வாங்க. இவன் ஒருத்தனுக்கு நான் பாத்துக்கறேன். இருபத்தஞ்சு போதும்."

"நான் வேணா ஒரு தடவை கேட்டுட்டு…"

"ஏம்மா, நீ லென்ஸ் தீட்டறப்போ நான் வந்து இப்படித் தீட்டு, அப்படித் தீட்டுன்னு சொல்றேனா?"

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் சிரித்து, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு வாரத்தில் அவன் தெளிந்தான். எண்தாளை வீட்டிலேயே போட்டுப் பார்த்தார்கள். ஐம்பது விநாடியில் முடித்தான். இனிப்பு மருந்து செய்த வேலை அது. அக்காவோ தன் கைவேலை என்று நம்பினாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லவும் செய்தாள். ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு வேளையும் என்ன கொடுத்தாள், எத்தனை கிராம் என்று எழுதி வந்தாள். காலையில் ரொட்டியும் பழமும். மத்தியானம் ஒரு துண்டு மீன், தீப்பெட்டி அளவு. மாலையில் இனிப்புத் தேநீர். இரவில் காய்கறி சூப். பால் அரைத் தம்ளர்.

முதல் மாதம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் ஒரு நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, இன்னும் ஒரு துண்டு மீன் இருக்கா?" என்றான்.

"இருக்கு. உனக்கில்ல."

"பசிக்குதுக்கா."

"பசிச்சா பழம் தர்றேன். இந்த மீனைக் குடுத்து உன்னை மறுபடியும் அந்த மாடி ரூம்ல நிக்க வைக்கச் சொல்றியா?"

அவன் பழத்தை வாங்கிக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அவள் பேச்சைத் தட்டினவன் இல்லை. அம்மா வேலைக்குப் போய்விட, இவள்தான் அவனை வளர்த்தாள். மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரையில் கலந்து கொடுத்ததும் இவள்தான், காய்ச்சல் விட்ட நாளில் ஐஸ் கேட்டு அழுதவனைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியதும் இவள்தான்.

மூன்றாம் மாதம் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. இடுப்பு வாரில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டான். படி ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றி, அங்கே ஒரு குழி விழுந்திருந்தது. கம்பெனியில் கனமான வேலை வேண்டாமென்று உட்கார்ந்து போன் எடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பைக் கூடையில், செய்தித்தாளில் பொதிந்திருந்த முட்டை ஓட்டை அக்கா கண்டெடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"இது என்ன?"

தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "முட்டை."

"யாருக்குக் குடுத்தே?"

"என் புருஷனுக்கு." மடித்த துணியை மறுபடி உதறினாள். "எலும்பும் தோலுமா ஆயிட்டாரு அண்ணி. ராத்திரி புரளும்போது முட்டி எலும்பு என் மேல இடிக்குது. பசிக்குதுன்னு என்கிட்டதான் சொல்வாரு, உங்ககிட்ட சொல்லப் பயம்."

"அவனுக்குப் பைத்தியம் புடிச்சா நீ பாத்துக்குவியா? ஏறணுமா இறங்கணுமான்னு கேட்டானே, அப்போ நீ எங்க இருந்தே? கண்ணாடிக் கடையில! அவன்கிட்ட ஓடிப் போனது யாரு?"

தம்பி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றான். நிற்கவே முடியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான். "விடும்மா" என்று மனைவியிடம்தான் சொன்னான். "அக்காவுக்குத் தெரியும். எனக்காகத்தானே செய்யறா." பிறகு அக்காவிடம், "நான்தான் கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன்" என்றான்.

அதன் பிறகு அவன் கேட்கவில்லை. அவன் மனைவியும் கொடுக்கவில்லை. நான்காம் மாதம் டாக்டரம்மா வெளியூர்ப் பயிற்சியிலிருந்து திரும்பியதும், மறுபடி அதே சோதனையைச் செய்து பார்க்கலாம் என்று நாள் குறித்தார். இடையில் அவருக்குப் பதிலாக இருந்த இளம் டாக்டர் மருந்துச் சீட்டை மட்டும் புதுப்பித்துக் கொடுத்திருந்தார். சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. கிராம் அக்காவின் தம்பிக்குச் சாப்பாட்டைப் பற்றி என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்.

டாக்டரம்மா தம்பியைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். நர்ஸை எடை பார்க்கச் சொன்னார். புஜத்தைச் சுற்றி நாடா போட்டு அளந்தார். கையால் அழுத்தும் கருவி ஒன்றைக் கொடுத்து முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். முள் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. லிஃப்ட் கம்பிகளை இழுத்த கை அது. சோதனையும் நடந்தது. அதே தம்ளர், அதே வெள்ளைப் பானம். இந்த முறை அவன் வேடிக்கை ஒன்றும் பேசவில்லை. குடித்துவிட்டுத் தம்ளரின் விளிம்பை நாக்கால் வழித்தான். அதைப் பார்த்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாளில் கணக்கு வந்தது. யூரியா உண்டாகும் வேகம் முன்னைவிடப் பாதி. அம்மோனியா முன்னைவிட அதிகம்.

"சாப்பிடறாரா இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

"வேளா வேளைக்கு. என் கையால." அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வார்டில் எந்தக் குடும்பமும் இப்படி ஒரு நோட்டு வைத்ததில்லை.

டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டினார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கோடு போட்டு, கூட்டி எழுதியிருந்தது. இருபத்தைந்து. இருபத்து நான்கு. இருபத்தைந்து. இருபத்து மூன்று.

"இதை யாரு சொன்னது உங்களுக்கு?"

அந்தக் குரலில்தான் அக்காவுக்கு ஏதோ புரிந்தது. "முன்னாடி இருந்த டாக்டர்… அப்போல்லாம் இருபதுதான் மேடம்…"

"நான் எண்பதுன்னு சொன்னேனே. உங்களை எதிர்ல உட்கார வச்சுத்தானே சொன்னேன்."

"கோடு ஏறிச்சே மேடம். புரதம் குடுத்ததும் ஏறிச்சே."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கோபமாகப் பேசியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். அவர் மெல்லத்தான் பேசினார். "கல்லீரல் செய்ய முடியாத வேலையில ஒரு பங்கைத் தசைதான்மா இழுத்துப் போட்டுச் செய்யும். நஞ்சைப் புடிச்சு வைக்கறது அதுதான். வெளியிலேர்ந்து புரதம் வரலேன்னா உடம்பு சும்மா இருக்காது. தன் தசையையே உடைச்சுத் தின்னும். அதுவும் புரதம்தானே? அதுலேர்ந்தும் இதே நஞ்சுதான் வரும். நாலு மாசமா அவரு தன்னையே தின்னுக்கிட்டு இருந்திருக்காரு."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "இப்போ குடுத்தா?" என்றாள்.

"குடுக்கலாம். குடுக்கணும்." டாக்டரம்மா நோட்டை மூடினார். "ஆனா நேத்து ராத்திரி அவருக்குப் பொருந்தற மாதிரி ஒரு கல்லீரல் வந்துது. பழைய உடம்பு இருந்திருந்தா உடனே எடுத்துக்கிட்டிருப்போம். ஆபரேஷன் டாக்டருங்க எடையைக் கேட்டதும் வேணாம்னுட்டாங்க. இந்த உடம்பு மேஜையிலேர்ந்து எழுந்திரிக்காது. அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க. வரிசையிலேர்ந்தும் பேரை இப்போதைக்கு எடுத்துட்டாங்க."

அன்று சாயங்காலம் அக்கா தம்பி வீட்டுக் கூடத்தில் நின்றபடியே அத்தனையையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதை, எண்பதை, வந்து போன கல்லீரலை. தம்பி மனைவி கடையிலிருந்து வந்து செருப்பைக்கூட அவிழ்க்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

தம்பி வெகுநேரம் யோசித்தான். அவனுக்கு இப்போதெல்லாம் யோசிக்க நேரம் பிடித்தது. பிறகு, "அப்போ அந்த மீன்… தந்திருக்கலாமாக்கா?" என்றான்.

குறை சொல்கிற குரலே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான், அவ்வளவுதான். அக்கா "ஆமாண்டா" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு பேருமாக அவனைச் சாப்பிட வைக்கப் போராடினார்கள். முட்டை, கோழி, தயிர், வேகவைத்த பயறு. தம்பி மனைவி கடையில் விடுப்பு எடுத்தாள். அக்கா தராசைத் தொடவில்லை. தட்டு நிறைய வைத்தாள். ஆனால் பசி அவனை விட்டுப் போய்விட்டிருந்தது. வயிற்றில் நீர் கோத்து, நான்கு வாய் உள்ளே போனதும் மூச்சு முட்டியது. "போதும்" என்று கையை ஆட்டுவான். "இன்னும் ஒரே ஒரு வாய்டா, என் கண்ணுல்ல" என்று அக்கா கெஞ்சுவாள். அவளுக்காக வாயைத் திறப்பான். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுப்பான்.

மூன்றாவது வாரம் வயிற்று நீரில் கிருமி தொற்றிக் காய்ச்சல் கண்டது. அதே வார்டில், சமையலறைக்கு நாலு கட்டில் தள்ளிப் படுக்க வைத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு இறங்கியது. கண் திறந்தால் யார் எவர் என்று தெரியவில்லை. கடைசி நாள் மத்தியானம் மனைவியைப் பார்த்து, "கதவை மூடும்மா, சத்தம் வருது" என்றான். எந்தக் கதவு என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் எழுந்து போய் வார்டின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வந்து உட்கார்வதற்குள் முடிந்துவிட்டது.

எல்லாம் ஆகி ஒரு மாதம் கழித்து அக்கா டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். மறைக்காம சொல்லணும். இதுல என்னால ஆனது எவ்வளவு?"

டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார். "வியாதி முன்னாடியே முத்திப்போச்சு. நீங்க சரியாக் குடுத்திருந்தாலும் அந்த ஆபரேஷனைத் தாங்கியிருப்பாருன்னு நிச்சயம் கிடையாது. ஆபரேஷன் ஆகியும் போனவங்க இருக்காங்க."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. பாதியா? முக்காலா?"

"அதை அளக்க என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "வெளியூர் போன நாலு மாசத்துல ஒரு தடவை நானும் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேக்கல."

அக்கா எழுந்து வந்துவிட்டாள். வேலையிலிருந்து யாரும் அவளை நீக்கவில்லை. அவளாகவே எழுதிக் கொடுத்துத் துணி அறைக்கு மாறிக்கொண்டாள். அங்கே போர்வைகளை எண்ணி அடுக்கினால் போதும். நர்ஸுகள் இப்போது அவளை வெறும் அக்கா என்று கூப்பிடுகிறார்கள். தம்பி கூப்பிட்ட அந்தப் பெயரைக் கேட்கும்போதுதான் அவளுக்கு இன்னும் வலிக்கிறது.

தம்பி மனைவி வீட்டைக் காலி செய்துகொண்டு தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். ஒரு விடுமுறை நாள் காலை. அக்கா இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போனபோது, கூடத்தில் இரண்டு பெட்டிகளும் ஒரு பையும் இருந்தன. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றாள் அக்கா. நான்கு நாளாக வேறு பல வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள். வந்தது இது ஒன்றுதான்.

தம்பி மனைவி பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. "உங்க மேல கோவப்பட்டா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும் அண்ணி" என்றாள். "வரமாட்டேங்குது. டாக்டர் சொன்னதை நான்தானே எழுதி வச்சேன். அந்த பில் புத்தகம் என் கைப்பையிலேயேதான் இருந்துது, நாலு மாசமும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷ வேலை. நீங்க திட்டுவீங்கன்னு பயந்துக்கிட்டு என் புருஷனை நான் பட்டினி போட்டிருக்கேன்."

"நீ இல்லம்மா, நான்…"

"விடுங்க." ஜிப் கடைசி வரை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

கீழே வண்டி வந்து நின்றது. பெட்டிகளை டிரைவர் எடுத்துக்கொண்டுபோனார். பையை அக்கா தூக்கிக்கொண்டு இறங்கினாள். தெருவில் வண்டியின் கதவருகே தம்பி மனைவி கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள். விரல்கள் பட்டபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "வரேன்" என்று சொல்வாள் என அக்கா நின்றாள். அவள் சொல்லவில்லை. வண்டி முக்கில் திரும்பி மறைந்தது.

அக்கா படியேறி மூன்றாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்து உள்ளே போனாள். மணி பத்துகூட ஆகியிருக்கவில்லை. அந்த நாள் முழுசும் அப்படியே மிச்சம் இருந்தது.